அத்தையிடம் சொல்லாமல் விட்டது



இந்தப் பக்கத்தை எழுத உட்காருவதற்கு முன் என் அத்தைக்குப் போன் போட்டு அனுமதி கேட்டேன். "என் கதையைப் போட்டு என்னத்தா செய்யப் போற?" என்றாள். "நாலு பேராவது கண்ணைக் காட்டிக்கிருவாங்க அத்தை" என்றேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பப் போடு. பேரை மட்டும் போட்றாத" என்றாள்.

ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக கிளாக்கோமா வாரம் வரும். கண் ஆஸ்பத்திரிகளின் வாசலில் பேனர் கட்டியிருப்பார்கள், பேரணி நடக்கும், நாம் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டுக் கடந்து போவோம். நானும் அப்படிக் கடந்து போனவள்தான். போன மாதம் வந்த கடிதக்கட்டில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. "என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பிரஷர் என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் பழையபடி பார்வை வந்துவிடுமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். அந்த அட்டையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பல நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அவருக்கு எழுத வேண்டியதைத்தான் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1998-இல் என் அப்பாவுக்கு 52 வயது. மதுரையில் பள்ளி ஆசிரியர். பரீட்சைத் தாள் திருத்தும்போது எழுத்து மங்குகிறது, கண்ணாடி பவரை மாற்ற வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நான் போனேன். பவர் பார்த்தார்கள். கருவிழியின் மேல் ஒரு கருவியை ஒற்றி எடுத்தார்கள். பாப்பாவை விரிக்கிற மருந்தை விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பிறகு டாக்டர் வெளிச்சம் அடித்து வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"சார், கண்ணுல பிரஷர் கூடுதலா இருக்கு. கிளாக்கோமான்னு சொல்வோம். நரம்பு கொஞ்சம் பாதிச்சிருக்கு. சொட்டு மருந்து ஆயுசுக்கும் போடணும்."

"எனக்கு பிபி கிடையாதே டாக்டர்" என்றார் அப்பா. பலரும் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ரத்த அழுத்தம் வேறு, விழிக்குள் இருக்கிற நீரின் அழுத்தம் வேறு என்று அவர் நிதானமாக விளக்கினார். நாங்கள் எழுந்து கதவுவரை வந்த பிறகு கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "இது குடும்பத்துல வரக்கூடியது சார். கூடப் பிறந்தவங்க இருந்தா ஒரு தடவை வந்து காட்டச் சொல்லுங்க."

அப்பாவுடன் பிறந்தது ஒரே தங்கை, என் அத்தை. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வருடம் அவளுடைய மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "இப்ப அவகிட்டச் சொல்ல வேணாம். பேச்சு நடந்துக்கிட்டிருக்கு. அந்தக் குடும்பத்துல கண்ணு நோவு இருக்காம்னு ஒரு வார்த்தை கெளம்பிட்டா அம்புட்டுத்தேன். கல்யாணம் முடியட்டும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நானும் அந்த அறையில் இருந்தவள்; டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிறகு வளைகாப்பு, பேரன், காதுகுத்து, இளையவள் கல்யாணம். ஒவ்வொரு விசேஷத்திலும் அத்தையைப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் நல்ல நாளில் எதற்கு இந்தப் பேச்சு என்று விட்டோம். 13 வருடம் ஓடிப்போனது.

அத்தை ஊரில் பெரிய கண்மாய் உண்டு. வரத்துக்காலில் தண்ணீர் வரும், மடை வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சினால் கலுங்கில் மறுகால் பாயும். கண்ணுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தக் கண்மாய்தான் உதவியது. விழியின் முன்பகுதியில் எந்நேரமும் ஒரு தெளிந்த நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் கண்ணுக்கு வெளியே ஊறுவது. இது உள்ளேயே ஊறி உள்ளேயே வடிவது. மொத்தமே கால் மில்லிதான், ஐந்தாறு சொட்டு. கருவிழியிலும் லென்சிலும் ரத்தக்குழாய் கிடையாது என்பதால் அவற்றுக்குச் சாப்பாடு கொண்டுபோவது இந்த நீர்தான். ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பழைய நீர் முழுக்க வடிந்து புது நீர் நிரம்பிவிடும். வடிகிற இடம் கருவிழியின் ஓரத்தில், கண்ணின் நிறத்திரை வந்து சேருகிற மூலையில் இருக்கிறது. பஞ்சுபோன்ற நுண்ணிய சல்லடை அது.

அந்தச் சல்லடை வயதாக ஆகச் சிலருக்கு மெல்ல அடைபடுகிறது. வேறு சிலருக்கு நிறத்திரையே முன்னால் தள்ளி வந்து வடிகால் மூலையை மூடிவிடுகிறது. எப்படியானாலும் வரத்து நிற்பதில்லை, அழுத்தம் ஏறுகிறது. கண்மாய் என்றால் கரை எங்கே பலமில்லையோ அங்கே உடைப்பெடுக்கும். விழியின் சுவர் கெட்டியானது. அதில் பலம் குறைந்த இடம் பின்பக்கம் பார்வை நரம்பு வெளியேறுகிற வாசல்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் அங்கே ஒரே கற்றையாகச் சேர்ந்து, இன்னொரு சல்லடையின் துளைகள் வழியாக மூளைக்குப் புறப்படுகின்றன. அழுத்தம் அந்த வாசலில் இழைகளை நெரிக்கிறது. அங்கே எல்லோருக்கும் பிறவியிலேயே ஒரு சின்னக் குழி உண்டு. இழைகள் சாகச் சாகக் குழி அகன்றுகொண்டே போகும். டாக்டர் அப்பாவின் கண்ணுக்குள் அவ்வளவு நேரம் பார்த்தது அந்தக் குழியைத்தான்.

கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 21-க்குக் கீழேயே அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. அதற்கு மேலே இருந்தும் நரம்பு கெடாதவர்களும் உண்டு. கருவிழி தடிமனாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மெலிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். ஆகவே "பிரஷர் நார்மல்" என்ற சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "நரம்பைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள்.

இப்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தையே பார்த்தபடி, வலது கையை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குள் ஓரிடத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போய்விடும். இன்னும் நகர்த்தினால் திரும்பத் தெரியும். அது நோய் இல்லை, பயப்படாதீர்கள். நரம்பு வெளியேறுகிற வாசலில் ஒளியை உணரும் செல் கிடையாது. அதனால் நம் ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கண்ணிலும் அந்த இடத்தில் பார்வை இல்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் என்றைக்காவது அங்கே ஓர் ஓட்டையைப் பார்த்திருக்கிறோமா? சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. சுவர் என்றால் சுவர், வானம் என்றால் வானம்.

கிளாக்கோமாவில் பார்வை போகிற இடங்களையும் மூளை இப்படித்தான் நிரப்புகிறது. கறுப்பாக எதுவும் தெரியாது. வலிக்காது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுகட்டும். தெருவில் வலப்பக்கத்தில் ஒரு சைக்கிள் வரும். நோயாளிக்கு அங்கே வெறும் தெரு தெரியும். படங்களில் காட்டுவதுபோலச் சுற்றிலும் இருட்டாகி நடுவில் மட்டும் வெளிச்சம் என்றிருந்தால் யாரும் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். சென்னை நகரத்திலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் 2000-களின் தொடக்கத்தில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் கண்ணில் குறைந்ததைத் தன் கண்ணாலேயே பார்க்க யாராலும் முடியாது.

2011-இல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். பந்தியில் அத்தைக்கு நான்தான் பரிமாறினேன். சாதம், சாம்பார், பொரியல் எல்லாம் சாப்பிட்டாள். இலையின் இடது மூலையில் வைத்த வடையும் ஊறுகாயும் தொடாமல் அப்படியே இருந்தன.

"ஏன் அத்தை, வடை வேணாமா?"

"எங்கத்தா வச்ச?" என்றாள்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்கிறாள். படியிறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுகிறாள். பக்கத்தில் யாராவது வந்து நின்றால், பேசிய பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். "வயசாச்சுல்ல" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். "கண்ணுல புரை விழுந்திருக்கும், முத்தட்டும், எடுத்துக்கலாம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அத்தை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணு நல்லாத்தேன் இருக்கு. முறத்துல அரிசியைப் போட்டுத் தா, கல்லு ஒண்ணு விடாமப் பொறுக்குறேன்." அது உண்மை. அதற்கு முந்தின வருடம் ஊருக்கு வந்த கண் முகாமில் போர்டில் இருந்த எழுத்தையெல்லாம் இடது கண்ணால் கடைசி வரிவரை படித்திருக்கிறாள். பரிசோதனை அத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேரே பார்க்கிற பார்வை இந்த நோயில் கடைசியில்தான் போகும். போர்டைப் படிப்பதற்கும் ஊசியில் நூல் கோப்பதற்கும் அந்த நடுப்பார்வையே போதும்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்க வேண்டும், அங்கங்கே வெளிச்சப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அத்தை வெகுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்ற அளவுக்குத்தான் மிச்சம். இடது கண்ணில் நடுவே ஒரு குழாய் அளவு. "வீட்டுல வேற யாருக்காவது இது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "எனக்கு இருக்கு. 13 வருஷமா மருந்து போடுறேன்" என்றார் அப்பா. டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப எழுத ஆரம்பித்தார்.

அத்தை ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல ண்ணே" என்றாள். அப்பா கடைசிவரை அந்த வாக்கியத்தோடுதான் இருந்தார்.

அஞ்சலட்டை எழுதிய சகோதரிக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். செத்த நரம்பிழையை உயிர்ப்பிக்கும் மருந்தோ ஆபரேஷனோ இன்றுவரை இல்லை. புரை ஆபரேஷன் வேறு. அதில் மங்கிய லென்சை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதால் பார்வை திரும்புகிறது. கிளாக்கோமா ஆபரேஷன் மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது. "ஆபரேஷன் பண்ணியும் ஒண்ணும் தெரியலையே" என்று பிறகு மனம் உடைந்து மருந்தை நிறுத்திவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலிலேயே இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. உங்கள் வீட்டுக்காரருக்கு இன்று இருக்கிற பார்வை பெரிய சொத்து. அதை வைத்துக்கொள்வதற்குத்தான் வைத்தியம்.

இந்த ஆபரேஷனுக்குப் பின்னால் நம் ஊர்ப் பெருமை ஒன்று இருக்கிறது. சென்னை எழும்பூரில் இருக்கிற அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது; உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர். கருவிழியின் ஓரத்தில், சின்ன வட்டக் கத்தியால் நுண்துளை ஒன்று போட்டு, உள்ளே தேங்கிய நீர் இமைக்கடியில் மெல்லக் கசிந்து வடியும்படி செய்யும் முறையை அவர் 1909-இல் இங்கே செய்யத் தொடங்கினார். 1913-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அடைபட்ட கண்மாய்க்குப் புதிதாக ஒரு கலுங்கு வெட்டுகிற வேலைதான் அது. எலியட் ஆபரேஷன் என்ற பெயரில் உலகமெங்கும் பல பத்தாண்டுகள் அதைச் செய்தார்கள். இன்று பரவலாகச் செய்யப்படும், 1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த ஆபரேஷனும் அதே எண்ணத்தின் பக்குவப்பட்ட வடிவம். அதுவும் பலிக்காத கண்களுக்குச் சின்ன வடிகுழாய் வைப்பார்கள். வெளிநாட்டுக் குழாய்களின் விலை நம் மக்களுக்கு எட்டாமல் இருந்தபோது, அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே குறைந்த விலையில் அதைச் செய்யத் தொடங்கியது. அத்தையின் இடது கண்ணில் கலுங்கு வெட்டியாயிற்று. இத்தனை வருடமாக அது வடிந்துகொண்டிருக்கிறது.

எல்லோருக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. பெரும்பாலானோருக்குச் சொட்டு மருந்தே போதும். சிலருக்கு லேசர். நிறத்திரை முன்னால் வந்து மூலையை அடைக்கும் வகை நம் ஆசியக் கண்களில் அதிகம். அதற்கு நிறத்திரையில் லேசரால் ஒரு சின்னத் துவாரம் போடுவது சில நிமிட வேலை. அந்த வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மற்றது ஓசையில்லாமல் வரும் என்றால், இது சில சமயம் ஒரே ராத்திரியில் வந்து தாக்கும். கண் சிவந்து, தாங்க முடியாத வலி, தலைவலி, வாந்தி. பல்பைச் சுற்றி வானவில்போல வளையம். வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்றும், தலைவலியைப் பார்த்துவிட்டு ஒற்றைத் தலைவலி என்றும் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்கும், பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. கண் சிவப்போடு இப்படி வலித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ஓர் இரவிலேயே கண் போனவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தும் கெடுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கண் அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் வாயால் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் கண் வெளுத்து, அரிப்பு நின்று, "கை கண்ட மருந்து" என்று பேர் வாங்கிவிடும். தொடர்ந்து போட்டால் சிலருக்குச் சில வாரங்களிலேயே கண்ணழுத்தம் ஏறிவிடும். வெயில் காலம் வந்தால் கண் அரித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தாய் அன்போடு விட்ட சொட்டில் பிள்ளையின் பார்வை போவதைவிடக் கொடுமை வேறென்ன? டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்ன நாள் மட்டும் போடுங்கள். பழைய சீட்டைக் காட்டித் திரும்ப வாங்காதீர்கள். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தோலுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், கண் டாக்டரிடம் அவசியம் சொல்லிவையுங்கள்.

பச்சைக் குழந்தைகளுக்கும் கிளாக்கோமா உண்டு. "என்ன பெரிய கண்ணு, மீனாட்சி கண்ணு" என்று கொஞ்சுகிறோம். குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி முகத்தைப் புதைத்துக்கொண்டாலோ, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தாலோ, கருவிழி பளபளப்பில்லாமல் புகைமூட்டமாக இருந்தாலோ அந்தப் பெரிய கண் அழகில்லை. உள்ளே அழுத்தம் ஏறி விழி ஊதியிருக்கிறது என்று பொருள். மேலை நாடுகளில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இது, ஆந்திரப் பகுதியில் சுமார் 3,300-க்கு ஒன்று என்று ஓர் ஆய்வில் கணக்கிட்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் சமூகங்களில் இது கூடுதல். தாயும் தகப்பனும் நோயில்லாமலே அதன் கூறைச் சுமந்திருக்க, இரண்டும் பிள்ளையில் சேர்ந்துவிடும். மாமன் மகள், அத்தை மகன் என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வீடுகளில் இதை மனதில் வைக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தால் குழந்தையின் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடிகிறது.

40 வயதைத் தாண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது கண் டாக்டரிடம் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், பெரிய மைனஸ் பவர் போடுகிறவர்கள், சிறு வயதில் கிட்டிப்புள்ளோ கிரிக்கெட் பந்தோ கண்ணில் பட்டவர்கள் 40 வரை காத்திருக்க வேண்டாம். அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்துக்கூட அழுத்தம் ஏறும். இன்னொன்று: கிளாக்கோமா இருப்பவர்கள் சிரசாசனம் செய்ய வேண்டாம். தலைகீழாக நிற்கும்போது கண்ணழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று யோகா பயிற்சியாளர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அப்பாவின் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். காலையில் ரேடியோவில் செய்தி தொடங்கும்போது ஒரு சொட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு சொட்டு. கையைக் கழுவிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கீழிமையைக் கிண்ணம்போல இழுத்து, குப்பியின் வாய் கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்வார். அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல் கண்ணிலேயே தங்கும். பின்னால் இரண்டாவது மருந்தும் சேர்ந்தபோது, இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுவார். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவைத்து, ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுவார். போட்டதால் பார்வை தெளிந்ததாக ஒரு நாளும் உணர்ந்ததில்லை. எரியும், சில நாள் சிவக்கும், அவ்வளவுதான். பலனே தெரியாத ஒரு காரியத்தை ஒருவர் இருபது வருடம் ஒரு வேளை தவறாமல் செய்வதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பலன் இருந்தது. அமெரிக்காவில் கண்ணழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை இரு பிரிவாக்கி ஐந்து வருடம் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வந்தது. மருந்து போடாதவர்களில் 100-க்கு 9.5 பேருக்கு நோய் தொடங்கியது, போட்டவர்களில் 4.4 பேருக்கு மட்டுமே. அப்பா காலமாகிற வாரம்வரை காலைப் பேப்பரைத் தானே படித்தார்.

வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் கண் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். டிமோலால் போன்ற சொட்டு மருந்துகள் மூச்சுத்திணறலைக் கூட்டும். மருந்தின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலிவான மாற்று மருந்தோ லேசரோ இருக்கும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. வயதானவர்களுக்குக் கை நடுங்கும், சொட்டு கன்னத்தில் விழும். பேரப்பிள்ளைகள் யாராவது அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த நோய் இருக்கிறது என்றால், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லுங்கள். பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத தம்பியாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற அக்காவாக இருக்கலாம். ஒரு போன் போதும்: "எனக்கு இப்படி இருக்கு, நீயும் காட்டிக்க." கல்யாணப் பேச்சு நடக்கிறதே என்று தயங்காதீர்கள். எங்கள் வீட்டில் தயங்கினோம்.

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நேரே வந்து நிற்கிறவர்களின் முகம் நன்றாகத் தெரிகிறது. வீட்டுப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். யாரும் பக்கவாட்டில் வந்து பேசுவதில்லை. முன்னால் வந்துதான் பேசுவார்கள். பேத்திகூட அப்படிப் பழகிவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அத்தையின் மூத்த மகள் திருப்பூரிலிருந்து போன் செய்தாள். யாருடைய கல்யாணத்துக்காக நாங்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோமோ, அவள்தான். "மதினி, எனக்குக் குழி கொஞ்சம் பெருசா இருக்காம். ஃபீல்டு டெஸ்ட்டு நல்லாத்தேன் வந்திருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். குரலில் பயமில்லை. அவளுடைய மகனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். பாட்டிக்கும் தனக்கும் கண்ணில் இப்படி இருக்கிறது என்று பெண் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடப் போவதாக அவளே தீர்மானித்திருக்கிறாள். அத்தையும் வருகிறாள். பெண்ணை நேரே எதிரில் உட்கார வையுங்கள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்